தாழ்ந்த காரும் தகுந்த ஜாக்கியும்

உம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். காலை எட்டு மணிக்குள் திருநெல்வேலி மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் காயல்பட்டினத்திலிருந்து புறப்பட்டோம். செய்துங்கநல்லூரை நெருங்கும்போது காரின் முன்பக்க இடது சக்கரம் தடதடத்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். டயர் முற்றிலும் படிந்து, இரும்புச் சக்கரமே தரையில் அமர்ந்ததுபோல் இருந்தது.

அந்தக் கார் என்னுடையது அன்று. என் காக்கா துபாயில் பணிபுரிகிறார். விடுமுறையில் வந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய பழைய செடான் அது. முந்தைய உரிமையாளர் குட்டையான ஸ்பிரிங்குகளைப் பொருத்தி அதைத் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தார். காக்காவுக்கு அந்தத் தோற்றம் மிகவும் பிடித்திருந்தது. திரும்பிச் செல்லும்போது, "உம்மாவுக்குத் தேவைப்படும், நீ வைத்துக்கொள்" என்று சாவியை என் கையில் தந்தார். அமானிதமாகத்தான் அதை வைத்திருக்கிறேன்.

டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி இருந்தது, ஸ்பேனர் இருந்தது, ஜாக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தது. பாட்டுக் கேட்பதற்காக ஜாக்கியைக் கழற்றி எங்கோ போட்டிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக அந்தக் காரை ஓட்டிய நான் ஒருமுறைகூட அங்கே எட்டிப் பார்த்ததில்லை. தவறு பெட்டியை வைத்தவரோடு முடிந்துவிடவில்லை.

அவ்வழியே வந்த வேன் ஓட்டுநர் ஒருவர் இரக்கப்பட்டு நிறுத்தினார். அவரிடம் இருந்தது பாட்டில் ஜாக்கி. குறைந்தபட்ச நிலையிலேயே ஏழு அங்குல உயரம். எங்கள் காரின் அடிவிளிம்போ தரையிலிருந்து நான்கு அங்குலம்கூட இல்லை. ஜாக்கி உள்ளே நுழையவே இல்லை. அப்போது நான் செய்ததை இன்றும் நினைக்க மனம் கூசுகிறது. சாலையோர மண்ணில் குழி தோண்டி, அதற்குள் ஜாக்கியை இறக்கி வைத்துத் தூக்கத் தொடங்கினேன். உம்மாவுக்கு மூட்டுவலி, ஏறி இறங்கச் சிரமப்படுவார்கள் என்று காருக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டேன்.

சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் மண் ஒருபக்கமாகச் சரிந்தது. ஜாக்கி சாய்ந்தது. கார் 'தொம்' என்று இறங்கியது. நட்டுகளைப் பார்ப்பதற்காகச் சக்கரத்தின் அடியில் நுழைத்திருந்த என் இடக்கையை அதற்குச் சற்று முன்னர்தான் வெளியே எடுத்திருந்தேன். உள்ளிருந்து உம்மா உரக்கக் கலிமா சொல்லும் குரல் கேட்டது.

பின்னால் வந்து நின்ற லாரியிலிருந்து வயது முதிர்ந்த ஓட்டுநர் ஒருவர் இறங்கினார். அவர் ஜாக்கியைப் பார்க்கவில்லை, காரைப் பார்க்கவில்லை. "தம்பி, மொதல்ல அம்மாவ எறக்குங்க" என்றார். உம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிச் சாலையோர மதகுச் சுவரில் அமர வைத்தோம். அவர் தம் லாரியிலிருந்து மரக்கட்டைகளைக் கொண்டுவந்து, படிபோல் இரண்டு அடுக்காகச் சக்கரத்தின் முன்னால் வைத்து, காரை மெதுவாக அதன்மேல் ஏற்றச் சொன்னார். கட்டைகளின் உயரம் நான்கு அங்குலம். இப்போது ஜாக்கி தார்ச்சாலையின் மீதே தாராளமாக நுழைந்தது. பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்தபிறகே தூக்கவிட்டார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால், மருத்துவமனையில் எங்கள் முறை கடந்துவிட்டது. வேறு நாள் கொடுத்தார்கள்.

அன்று மாலையே காக்காவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். காரின் அடிவிளிம்பு நசுங்கியதையும் மறைக்கவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியைப் பற்றிச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உம்மா உள்ளேயா இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நல்ல ஜாக்கி ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். தரையில் உருட்டிச் செல்லும் ட்ராலி ஜாக்கிதான் என் மனத்தில் இருந்தது. கடைக்குச் செல்லும் முன், மெக்கானிக்காக இருக்கும் எங்கள் தெரு மச்சான் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்: "உங்க கார் எத்தன டன்னுன்னு கேக்கல. அடியில எவ்வளவு எடம் இருக்கு, அளந்தீங்களா?"

அளந்தேன். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், ஜாக்கி வைப்பதற்கென்று இரண்டு சிறு வெட்டுகளுக்கிடையே அடையாளமிட்ட இடம் உண்டு. அது தரையிலிருந்து 158 மில்லிமீட்டர். மச்சான் சிரித்தார். "காத்து இருக்கும்போது அளந்து என்ன பயன்?" என்று சொல்லி, முன்சக்கரத்தின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு மறுபடி அளக்கச் சொன்னார். இப்போது 97 மில்லிமீட்டர்.

இதன் கணக்கு எளிது. எங்கள் டயரின் பக்கத்தில் 205/55 ஆர்16 என்று அச்சிட்டிருக்கிறது. டயரின் அகலம் 205 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 113 மில்லிமீட்டர். காற்று போனால் அந்த உயரத்தின் பெரும்பகுதி போய்விடும். காரும் அதற்கேற்பப் படிந்துவிடும். ஜாக்கி தேவைப்படும் நேரம் பெரும்பாலும் அந்த நேரம்தான். ஆகவே, ஜாக்கி வாங்க எண்ணும் சகோதரர்கள் இந்த ஓர் அளவையாவது வீட்டு வாசலில் வைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் முதலில் சிவப்பு நிறச் சிறிய ட்ராலி ஜாக்கி ஒன்றைக் காட்டினார். "ரெண்டு டன் தூக்கும் பாய், உங்க காருக்குத் தாராளம்" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. எங்கள் கார் 1,300 கிலோவுக்கு உட்பட்டது. ஒரு மூலையை மட்டும் தூக்கும்போது அதிலும் ஒரு பகுதிதான் ஜாக்கியின் மேல் வரும். ஆனால் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். குறைந்தபட்ச உயரம் 135 மில்லிமீட்டர் என்றிருந்தது. எனக்குக் கிடைக்கும் இடமோ 97. டன் கணக்கைப் பெரிய எழுத்திலும் இந்த அளவைச் சிறிய எழுத்திலும் அச்சிடுகிறார்கள். தாழ்வான கார் வைத்திருப்பவர் சிறிய எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஜாக்கியின் இரும்புத் தட்டு நேரடியாக விளிம்பில் பட்டால் தகடு மடங்கிவிடும். அதனால் நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர்க் கட்டையைத் தட்டின்மேல் வைப்பார்கள். அதன் கனம் 20 மில்லிமீட்டர் என்றால், அதையும் கழிக்க வேண்டும். ஆக, எனக்குத் தேவை 77 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஜாக்கி. தாழ்வான கார்களுக்கென்றே செய்யப்படும் ஜாக்கிகள் 75 மில்லிமீட்டர் அளவிலிருந்து கிடைக்கின்றன.

உயரம் பொருந்தினால் போதாது. நீளமும் பொருந்த வேண்டும். காரை விளிம்பில் தூக்கினால், ஸ்டாண்ட் வைக்க வேண்டிய இடத்தை ஜாக்கியே பிடித்துக்கொள்ளும். அதனால் வீட்டில் வேலை பார்ப்பவர்கள், கார் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் கார்களில், முன்புறம் நடுவிலுள்ள குறுக்குச் சட்டத்தில் தூக்கி, இருபுற விளிம்புகளிலும் ஸ்டாண்டுகளை வைப்பார்கள். அந்தச் சட்டம் பம்பரிலிருந்து வெகுவாக உள்ளே இருக்கும். ஜாக்கியின் முன்பகுதி தாழ்வாக இருந்தாலும், கைப்பிடி பொருத்தும் பின்பகுதி உயரமானது. ஜாக்கி குட்டையாக இருந்தால் அந்தப் பின்பகுதி பம்பரில் இடிக்கும். கைப்பிடியை மேலும் கீழும் அசைக்கவே இடம் இராது. நீளமான உடல் கொண்டதாகப் பார்த்து வாங்க வேண்டும். அப்படியும் இடித்தால், முன்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றரை அங்குலப் பலகைகளின் மேல் ஏற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு உயரம் தூக்கும் என்பதையும் பார்த்தேன். ஸ்டாண்டின் தாழ்ந்த நிலைக்கும் சற்று மேலாகக் காரை உயர்த்தினால்தான் அதை அடியில் வைக்க முடியும்.

காக்கா துபாயிலிருந்து அலுமினிய ஜாக்கி ஒன்றைக் கார்கோவில் அனுப்புவதாகச் சொன்னார். அலுமினியம் இலேசானது, ஒருவரே எளிதில் தூக்கலாம். எஃகு ஜாக்கி முப்பது கிலோவுக்கு மேலும் இருக்கும். ஆனால் விலை குறைவு, அடிதாங்கும். இங்குதான் என் எண்ணம் தெளிந்தது. எதுவாயினும் இதைத் தினமும் டிக்கியில் சுமந்து செல்லப் போகிறேனா? இல்லை. அப்படியானால், அன்று செய்துங்கநல்லூரில் எனக்கு நேர்ந்த துன்பத்துக்கு ட்ராலி ஜாக்கி மருந்தே அன்று!

எனவே தேவையை இரண்டாகப் பிரித்தேன். டிக்கியிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டியை இறக்கினேன். அந்தக் காருக்குரிய திருகு ஜாக்கியை வாங்கி அதன் இடத்தில் வைத்தேன். மடித்த நிலையில் அதன் உயரம் மூன்றரை அங்குலம், அதாவது 89 மில்லிமீட்டர். காற்றிறங்கிய நிலையிலும் நுழைகிறது என்பதை வாசலிலேயே சோதித்தேன். அதனுடன் இரண்டு கனமான பலகைகள், இரண்டு முட்டுக்கட்டைகள். வீட்டு வேலைக்கு, 75 மில்லிமீட்டர் உயரமுள்ள நீண்ட எஃகு ட்ராலி ஜாக்கி ஒன்றும் ஒரு ஜோடி ஸ்டாண்டும் வாங்கினேன்.

ஸ்டாண்டை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஜாக்கி இயங்கும் விதத்தை அறிய வேண்டும். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளேஸ் பாஸ்கலின் விதி. 1795இல் ஜோசப் பிராமா அதைக்கொண்டு நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஜாக்கியும் அதே வழிதான். சிறிய பிஸ்டனை நாம் அழுத்துகிறோம். அதைவிடப் பன்மடங்கு பரப்புள்ள பெரிய பிஸ்டன் அத்தனை மடங்கு விசையுடன் காரைத் தூக்குகிறது. அப்படியானால், தூக்கிய காரை மேலே நிறுத்தி வைத்திருப்பது எது? சிறிது எண்ணெயும், அதைக் கசியவிடாத ரப்பர் வளையங்களும், ஒரு சின்ன வால்வும்தான். வளையம் தேய்ந்தால் கார் இறங்கும். தூக்குவது ஜாக்கியின் வேலை. தாங்குவது ஸ்டாண்டின் வேலை. ஸ்டாண்ட் இல்லாத காரின் கீழ் உடலின் எந்தப் பகுதியும் போகக் கூடாது.

மச்சான் கற்றுத் தந்த வேறு சிலவும் உண்டு. காரைத் தூக்கும் முன்பே சக்கர நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் மல்லுக்கட்டினால் கார் ஆடும். ஜாக்கியின் தட்டு நேர்கோட்டில் உயர்வதில்லை, வளைவாக உயர்கிறது. அதற்கேற்ப ஜாக்கி தன் சக்கரங்களில் சற்று உருள வேண்டும். ஆகவே தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். ஜாக்கியின் சக்கரங்களுக்குக் கல் வைத்து அடைக்கக் கூடாது. எங்கள் ஊர் மணல்தெருவில் அதன் சக்கரங்கள் புதைந்துவிடும். அடியில் பலகை போட்டால் ஜாக்கி உயர்ந்து, காருக்குள் நுழையாது. அப்போது காரின் சக்கரங்களையும் பலகை மேல் ஏற்றியாக வேண்டும்.

அடுத்த வாரம் உம்மாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். தாழ்த்திய ஸ்பிரிங்குகளை மாற்றுவது பற்றிக் காக்காவிடம் கேட்டேன். "வந்ததும் மாத்திடலாம்" என்றார். அதுவரை அளவுகள் எழுதிய தாள் ஒன்று டிக்கி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

ஜாக்கி வாங்கிய செய்தி தெருவுக்குத் தெரிந்ததும் இரவல் கேட்டு வரத் தொடங்கினார்கள். அன்றாடப் புழங்குபொருளைத் தர மறுப்பவரை அல்-மாஊன் அத்தியாயம் கண்டிப்பதை நாம் அறிவோம். ஆகவே மறுக்க மனம் வராது. ஆனால், ஜாக்கியை மட்டும் கொடுத்தனுப்பவும் மனம் வரவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை அடுத்த தெருப் பையன் ஒருவன் வந்து, "ஜாக்கி மட்டும் போதும் மாமா, ஸ்டாண்டெல்லாம் வேணாம், அஞ்சு நிமிஷ வேலை" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் உம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார்கள்: "ரெண்டையும் எடுத்துக்கிட்டு நீயும் கூடப் போய்ட்டு வா வாப்பா."

ஸ்டாண்டுகளை இரு கைகளிலும் எடுத்துக்கொண்டேன். பையன் ஜாக்கியை உருட்டிக்கொண்டு முன்னே நடந்தான்.