ஸ்வீட் பாக்ஸில் வந்த 50 பேர்

அந்த ஸ்வீட் பாக்ஸை அம்மாதான் ஆசை ஆசையாகத் திறந்தார். அடுத்த நொடி போட்ட சத்தம் திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே மைசூர்பாகு இல்லை... இலை மேல் நெளிந்துகொண்டிருந்த 50 பட்டுப்புழுக்கள்!

என்னோடு விலங்கியல் படிக்கும் தோழிக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர். அவங்க வீட்டில் பட்டுப்புழுதான் பிழைப்பு. "லைஃப் சைக்கிளை ரெக்கார்டு நோட்டுல வரைஞ்சா ஆச்சா? ஒரு தடவை வளர்த்துப் பாருடி"னு உசுப்பேத்திவிட்டு, லீவு முடிந்து வரும்போது பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். முட்டையிலிருந்து வரும்போது எறும்பு சைஸில் கறுப்பாக இருக்குமாம். அந்தக் கைக்குழந்தைகளை என்னை மாதிரி கத்துக்குட்டியிடம் தர மாட்டார்கள். இரண்டு முறை தோலுரித்த பிறகுதான் எனக்கு வந்து சேர்ந்தன.

இலை தின்று உயிர் வாழ்வது எங்க இரும்பைக்கு ஒன்றும் புதுசு இல்லை. கடுவெளிச் சித்தர் அரச மரத்தடியில் உட்கார்ந்து, உதிர்ந்த இலையைத் தின்றே தவம் செய்தார் என்பது எங்க மாகாளேஸ்வரர் கோயில் கதை. ஆனால் நம்ம ஆளுங்க சித்தரைவிடக் கறார். மல்பெரி மட்டும்தான். பின் தெருவில் ஒரு வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு மல்பெரி மரம். தினமும் காலேஜ் பஸ்ஸுக்கு முன்னாடி அங்கே ஒரு அட்டெண்டன்ஸ்!

தோழி ரூல்ஸ் போட்டிருந்தாள். ஈர இலை போடாதே. தட்டு வைக்கும் ஸ்டூலின் நாலு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வை, எறும்பு ஏறும். கொசுவத்தி, லிக்விட், ஸ்ப்ரே எதுவும் வீட்டுக்குள்ளேயே கூடாது, கொசுவைக் கொல்லும் மருந்து புழுவையும் கொல்லும். கடைசியாக, புகையிலை தொட்ட கையால் இலையைத் தொடாதே. நான் சிரித்துவிட்டேன். எங்க வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லையே!

கொசுவத்தி இல்லாத ராத்திரிகளில் அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அதை விடுங்க. கதை ஆயாவைப் பற்றியது.

"இன்னாடி இது, கருமம்" என்று முதல் நாள் முகம் சுளித்த ஆயா, நாலாவது நாள் தட்டுக்குப் பக்கத்தில் பாய் போட்டுவிட்டார். தோலுரிப்பதற்கு முன் புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் அசையாமல் கிடக்கும். "தூங்குது, சத்தம் போடாதீங்க" என்று டி.வி-யை அணைத்தார். மொத்தம் நாலு முறை சட்டை உரித்து, ஐந்தாவது பருவத்துக்கு வந்ததும்தான் அசல் பசி. வாழ்நாளில் தின்னும் இலையில் 80 சதவிகிதத்துக்கு மேல் அந்த ஒரு வாரத்தில்தான் உள்ளே போகும். பெரிய ஷெட்டில் மழை பெய்வதுபோல் சத்தம் கேட்குமாம். எங்க 50 பேருக்குத் தூறல் அளவுக்குக் கேட்டது.

அந்த வாரம்தான் எனக்கு மாடல் எக்ஸாம். சாயங்காலம் வந்து பார்த்தால், புழுக்கள் முன் உடம்பைத் தூக்கியபடி விறைத்து, வாயிலிருந்து கறையாக எதையோ கக்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஆயா. மத்தியானம் பசிக்குமே என்று தானே இலை கிள்ளிப் போட்டிருக்கிறார். இடுப்பில் சுருக்குப்பை. அதில் வெற்றிலை, பாக்கு... புகையிலை.

புகையிலையில் இருக்கும் நிகோடின் பூச்சிகளின் நரம்பைத் தாக்கும். நாங்கள் இதைப் படித்து, பரீட்சையும் எழுதியிருக்கிறோம். ஆனால் புகையிலை என்றதும் எனக்கு சிகரெட் மட்டும்தான் ஞாபகம் வந்தது. சின்ன வயசிலிருந்து நான் பார்க்கும் சுருக்குப்பை வரவே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாதவள் நான். கத்தியதும் நானே. "உன்ன யாரு தொடச் சொன்னா?"

ஆயா ஒன்றும் பேசவில்லை. தட்டைக் காற்றோட்டமாகத் திண்ணையில் வைத்தோம். சில புழுக்கள் தேறின. காலையில் எண்ணினால் 14 செத்திருந்தன. கிணற்றடியில் ஆயா சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருந்தார். நான் 'ஸாரி' சொல்ல ரெண்டு நாள் ஆச்சு.

மீதி 36-ம் கூடு கட்டின. தலையை எட்டு எட்டாக ஆட்டி ஆட்டி, அறுந்துபோகாத ஒரே இழையில் ரெண்டு மூணு நாள் வேலை. ஆயிரம் மீட்டர் வரைக்கும் நீளும் இழை அது. தோழி போனில், "ஆறாம் நாள் வெந்நீர்ல போடு. பூச்சி துளைச்சு வெளிய வந்துட்டா இழையா உருவ முடியாது" என்றாள்.

ஐந்து கூடுகளைப் போட்டேன். நுனி கிடைத்த ஒன்றை ஸ்கேலில் சுற்றி 412 சுற்று எண்ணினேன், அறுந்துவிட்டது. உள்ளே வெந்த கூட்டுப்புழு. அம்மா அந்தப் பாத்திரத்தை இனிமேல் அடுப்படிக்குள் கொண்டுவராதே என்றார். ஆயா அந்தப் பக்கமே வரவில்லை. மிச்சத்தைப் போட எனக்குக் கை வரவில்லை.

தோழியிடம் புலம்பினேன். "உனக்கு 36. எங்க ஷெட்டுல ஆயிரக்கணக்குல. என் ஃபீஸ் எதுலேர்ந்து வருதுன்னு நெனச்ச?" என்றாள். பதில் இல்லை. ஹைதராபாத்தில் குசுமா ராஜய்யா என்பவர், பூச்சி வெளியேறிய கூட்டைப் பஞ்சுபோல் நூற்று 'அகிம்சா பட்டு' நெய்தார். ஆனால் அந்த நூலில் வழக்கமான பட்டின் பளபளப்பு வராது, விலையும் கூடும். ஒரு கிலோ பட்டு நூலுக்கு ஏறக்குறைய 7 கிலோ கூடு வேண்டும். அம்மாவின் கல்யாணப் புடவையை பீரோவில் பார்த்தேன். அதைக் கட்ட மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கூடு கட்டி ரெண்டு வாரம் போல இருக்கும். விடிகாலையில் ஆயாதான் எழுப்பினார். கூட்டின் நுனியை நனைத்து, ஒரு வெள்ளைப் பூச்சி வெளியே வந்துகொண்டிருந்தது. இறக்கை இருக்கிறது, பறக்கத் தெரியாது. சாப்பிடவும் முடியாது. ஆயிரக்கணக்கான வருஷம் மனுஷன் வளர்த்து வளர்த்து, பறக்கவே மறந்துபோன பூச்சி.

"தொடட்டா?" என்றார் ஆயா, ரெண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டி. சந்திரிகா சோப்பு வாசனை.