"விளங்கிச்சா சேர்?"

போன ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் இருவரும் கற்பிட்டிக் களப்புக்கரைக்குப் போனது பட்டம் பார்க்க அல்ல. பழைய மாணவன் ஒருவனைத் தேடிப் போனோம். சாதாரண தரத்தில் கணிதம் இரண்டு தடவை பெயில். மூன்றாம் தடவை எழுத விண்ணப்பப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு, அவனுக்குப் புத்தி சொல்லத்தான் போனோம்.

நாங்கள் ஒரே கல்வியியற் கல்லூரியில் படித்து வெளியேறியவர்கள், இப்போது ஒரே பாடசாலையில் இருக்கிறோம். ஒருவர் கணிதம், மற்றவர் விஞ்ஞானம். இந்தப் பதிவு முழுக்க "நாங்கள்" என்றே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கீழே வரும் பிழையை எங்களில் எவர் செய்தது என்று பிரித்துச் சொல்ல இருவருக்குமே விருப்பமில்லை. இருவரும்தான் செய்தோம்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விடயம். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று எங்கள் பக்கம் ஓயாது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வாடைக்காற்று. இந்தக் காற்றுக்காகவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து, பெரிய பட்டத்தை இடுப்பில் கொளுவிக்கொண்டு பலகையில் நின்று களப்பில் ஓடுகிறார்கள். கைட் சேர்ஃபிங். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு இன்று அதுதான் தொழில். பட்டத்துக்குக் காற்றடிப்பது, கயிறு விரிப்பது, பிடித்து ஏற்றிவிடுவது, இறக்கி எடுப்பது. கெட்டிக்காரர்கள் பயிற்றுவிப்பாளர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். இவனுக்கும் அதுதான் ஆசை.

நாங்கள் போனபோது அவனுக்கு ஓய்வு நேரம். தானே ஒரு சுற்று ஓடப்போவதாகச் சொன்னான். ஏற்றிவிட ஆள் இல்லை, மற்றப் பெடியன்மார் எல்லாரும் வாடிக்கையாளர்களோடு தண்ணீரில்.

"சேர், ஒரு நிமிசம் பிடிச்சித் தருவீங்களா?"

பட்டத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கொட்டில்களைத் தாண்டி, கதிரைகளைத் தாண்டி, நூறு அடி, இருநூறு அடி என்று போய்க்கொண்டே இருந்தான். வெயிலில் எங்களுக்கு எரிச்சல் வந்தது. "இங்கேயே ஏத்தினால் என்ன மகன்?" என்று கேட்டோம். "காத்துப் போற பக்கம் ஒண்டும் இருக்கக்கூடாது சேர்" என்று மட்டும் சொன்னான். அதை அப்போது நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு ஐந்து நிமிடம் எங்களுக்குப் பாடம் நடந்தது. பட்டத்தை எந்த இடத்தில் பிடிப்பது, முன்விளிம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கயிறு எப்படி இருக்க வேண்டும், எப்போது விடுவது. நாங்கள் தலையாட்டினோம். இறுதியில் கேட்டான், "விளங்கிச்சா சேர்?"

"விளங்கிச்சு" என்றோம்.

விளங்கவில்லை. பாதிதான் விளங்கியது. ஆனால் ஆறாம் ஆண்டிலிருந்து எங்களிடம் படித்தவன், கணிதத்தில் பெயிலானவன், அவனிடம் போய் "திரும்பச் சொல்லு மகன்" என்று கேட்க வாய் வரவில்லை.

அவன் 24 மீற்றர் தள்ளிப் போய் நின்று, பாரை எடுத்து இடுப்பு ஹார்னஸில் கொளுவினான். எங்களில் ஒருவர் பட்டத்தைப் பிடித்திருந்தார். மற்றவர் ஃபோனில் வீடியோ எடுத்தார், முகநூலில் போடத்தான். அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் பெருவிரலை உயர்த்தினோம். அவனும் உயர்த்தினான். விட்டோம்.

பட்டம் ஓரமாக மெல்ல ஏறியிருக்க வேண்டும். அது ஏறவில்லை. கொஞ்சம் எழும்பி, ஒரு பக்கமாகத் திரும்பி, காற்றின் நடுவே தலைகீழாகப் பாய்ந்தது. எங்கள் மாணவன் நின்ற இடத்தில் இல்லை. மணலில் வயிற்றோடு இழுபட்டுக்கொண்டு போனான். பத்துப் பதினைந்து அடி இருக்கும். பிறகு ஏதோ ஒன்றைத் தள்ளினான், பட்டம் ஒரே கயிற்றில் தொங்கி, இழுவை இல்லாமல் படபடவென்று களப்புக்குள் விழுந்தது.

ஓடிப் போனோம். முழங்கையும் தோளும் உரிந்து, வாய் முழுக்க மணல். அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவுதான். அவன் முதலில் கேட்டது, "சேர், உங்களுக்குக் கயிறு படல்லயே?"

பிறகு சொன்னது, "உம்மாட்டச் சொல்லிராதீங்க."

வீடியோவை மூவரும் அந்த மணலிலேயே இருந்து பார்த்தோம். எல்லாம் தெளிவாக இருந்தது. பின்பக்கக் கயிறுகளில் ஒன்று பட்டத்தின் முனையை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அந்தச் சுற்றினால் அந்தப் பக்கக் கயிறு குட்டையாகிவிட்டது. அவன் பாரை எப்படிப் பிடித்தாலும் பட்டம் அந்தப் பக்கமே திரும்பும். 24 மீற்றருக்கு அப்பால் நிற்பவனுக்கு அது தெரியாது. தெரியக்கூடியவர், முனைக்கு ஒரு முழத்துக்குள் நின்றவர், நாங்கள்தான்.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சுற்றை நாங்கள் கண்டோம். காணாமல் விடவில்லை. "இது இப்படித்தான் இருக்கும் போல" என்று நினைத்துவிட்டு விரலைத் தூக்கினோம்.

கோபிப்பான் என்று எதிர்பார்த்தோம். அவன் காயத்தைக் கழுவிக்கொண்டே சொன்னான், "என்ட பிழைதான் சேர். விளங்கிச்சா எண்டு கேட்டா எல்லாரும் விளங்கிச்சி எண்டுதான் சொல்லுவாங்க. செஞ்சி காட்டச் சொல்லியிருக்கணும்."

இதைத்தான் கல்லூரியில் எங்களுக்கு மாதக்கணக்கில் படிப்பித்தார்கள். கற்பித்தல் பயிற்சியில் இதற்குப் புள்ளியும் போட்டார்கள். பதினொரு வருடமாக வகுப்பில் நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது என்னவோ "விளங்கிச்சா?" தான்.

அதன் பிறகு அவன் திரும்பப் படிப்பித்தான். இம்முறை ஒவ்வொன்றையும் எங்கள் வாயால் சொல்ல வைத்தான். அதை இங்கே எழுதுவதற்குக் காரணம், கரைப் பக்கம் போகும் எங்கள் பிள்ளைகளை யாராவது "தம்பி, கொஞ்சம் பிடி" என்று கூப்பிடுவது நடக்கிற விடயம். பிடிக்கிறவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது பிடிக்கச் சொல்பவருக்கே பல நேரம் நினைவில்லை.

காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றால் முன்னால் கால் உருண்டை போல ஒரு வெளி இருக்கிறது. பட்டம் பறப்பது அதற்குள்தான். அதன் நடுவில் இழுவை மிக அதிகம், ஓரங்களில் குறைவு. நேர் தலைக்கு மேலே, அவர்கள் பாஷையில் பன்னிரண்டு மணி, அங்கேயும் குறைவு. ஆகவே ஏற்றுவது எப்போதும் ஓரத்திலிருந்து. பிடித்திருக்கும்போதே பட்டம் சொல்லிவிடும். படபடவென்று அடித்தால் ஓரத்துக்கு மிஞ்சிப் போய்விட்டது, பறப்பவன் காற்று வரும் பக்கமாக இரண்டு எட்டு நடக்க வேண்டும். கல்லுப் போல நிறைந்து கையிலிருந்து பிடுங்கினால் நடுவுக்கு வந்துவிட்டது, விடவே கூடாது. இரண்டுக்கும் இடையில் அது அமைதியாக நிற்கும் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கை கண்டுபிடிக்க எங்களுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

கயிறு நான்கு. நடுவிலிருந்து இரண்டு, பாரின் இரு முனைகளிலிருந்து இரண்டு. பிடித்திருப்பவர் தன் பக்கத்து முனையிலிருந்து ஒவ்வொரு கயிற்றையும் கண்ணால் பாரின் பக்கம் வரை நடத்திக்கொண்டு போக வேண்டும். முனையைச் சுற்றியிருக்கிறதா, ஒன்றை ஒன்று குறுக்கிடுகிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா. பறப்பவன் தன் பக்கத்திலிருந்து அதையே செய்வான். இந்த இரண்டு பார்வையும் நடுவில் சந்தித்தால்தான் விரல்.

இடுப்பில் இருக்கும் சிவப்புப் பிடியைத்தான் அவன் தள்ளினான், குயிக் ரிலீஸ். தள்ளினால் பார் கழன்று, பட்டம் ஒரே கயிற்றில் இழுவையிழந்து விழும். அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கும் லீஷிலும் இன்னொரு கழற்றி இருக்கிறது, முதலாவது போதாவிட்டால். ஒவ்வொரு தடவையும் ஏற்றுவதற்கு முன் அதைத் தள்ளிப் பார்க்கிறான். மணலும் உப்பும் ஏறினால் இறுகிவிடுமாம், அதனால் நல்ல தண்ணீரில் கழுவுகிறான். இந்தக் கழற்றிகள் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு 2020இல்தான் சர்வதேசத் தரம் ஒன்று வந்தது, ஐ.எஸ்.ஓ. 21853. ஊதும் பட்டத்தைப் பிரான்ஸின் லெகனியூ சகோதரர்கள் 1984இல் பதிவுசெய்தார்கள். இடையில் ஓடிய வருடங்களைக் கணிதம் படிப்பிப்பவர் விரல்விட்டு எண்ணினார்.

காற்றைப் பற்றி அவன் சொன்னதுதான் எங்களை நிமிர வைத்தது. "12 நொட்டில இருந்து 24 ஆனா இரண்டு மடங்கு இல்ல சேர், நாலு மடங்கு இழுக்கும். அதான் காத்துக் கூடினா சின்னப் பட்டம்." விசையானது வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதை அவன் சூத்திரமாக எழுத மாட்டான். ஆனால் காலையில் வானத்தைப் பார்த்து 12 சதுர மீற்றரை வைத்துவிட்டு 9 சதுர மீற்றரை எடுக்கிறான். அவனுக்கு வர்க்கத்தைப் படிப்பித்தவர்கள் நாங்கள். அவன் பெயிலானதும் அதே பாடத்தில்தான்.

2021 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் நடந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பெரிய பட்டம் ஒன்றைக் கயிறு பிடித்து ஏற்றிய கூட்டத்தில் மற்றவர்கள் விட்டுவிட, ஒருவர் மட்டும் விடாமல் கயிற்றோடு மேலே போய்விட்டார். உயிர் தப்பினார். எங்கள் ஆசிரியர் அறையிலும் அந்த வீடியோ ஓடியது, நாங்களும் சிரித்தோம். இப்போது அதைப் பார்த்தால் கண் போவது மேலே தொங்குபவரிடம் அல்ல, கீழே இருப்பவர்களிடம். எல்லாரும் ஒன்றாக விடுவதற்குக் குரல் கொடுக்க ஒருவரை முன்கூட்டியே வைத்திருந்தார்களா என்று தேடுகிறோம்.

ஊர்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள், வகுப்பிலும் சொல்லிவிட்டோம். கரையில் மணல் போட்டுக் கவிழ்த்து வைத்திருக்கும் பட்டத்தைப் பிள்ளைகள் தூக்கிப் பார்க்கக் கூடாது. மணல் சரிந்தால் அதுவே எழும்பும், மறுமுனையில் யாராவது கொளுவியிருக்கலாம். தரையில் கிடக்கும் கயிற்றைக் கடக்கவும் கூடாது, கையில் சுற்றவும் கூடாது. பார்வைக்குத் தங்கூசியைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். இழுவை ஏறினால் கத்தி. பட்டம் ஏறும்போது காற்றுப் போகும் பக்கம் நிற்கவே வேண்டாம். வீடியோ எடுக்க அந்தப் பக்கம்தான் வசதி என்பது எங்களுக்கும் தெரியும்.

அன்று அவன் ஏன் அவ்வளவு தூரம் நடந்தான் என்பதையும் திரும்பி வரும்போதுதான் விளங்கிக்கொண்டோம். அவன் இழுபட்ட தூரத்தை எட்டு வைத்து அளந்து பார்த்தோம். நாங்கள் "இங்கேயே ஏத்து" என்று சொன்ன இடத்திலிருந்து அதே தூரத்தில், காற்றுப் போகும் பக்கம், கொட்டிலின் கொங்கிறீட் தூண் நின்றது. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

வீடியோவை அழித்துவிட்டோம். அவன் வேண்டாம் என்றான், மற்றப் பெடியன்மாருக்குக் காட்டக் கேட்டான். அவனுக்கு அனுப்பிய பிறகுதான் அழித்தோம். இப்போது புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறானாம். "இவங்க என்ட சேர்மார்" என்று அறிமுகப்படுத்துகிறானா என்று கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் போனோம். படிவம் இன்னும் பையில்தான் இருந்தது. தோளில் பிளாஸ்டருடன் அவன் பட்டத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் ஒன்றும் சொல்லாமல் பட்டத்தை நீட்டினான். இருநூறு அடி நடந்தோம், இம்முறை வாய் திறக்காமல். அவன் போய் நின்றான், சிவப்புப் பிடியைத் தள்ளிப் பார்த்துப் பூட்டினான், கொளுவினான், எங்களைப் பார்த்தான்.

கயிற்றைக் கண்ணால் நடத்திக்கொண்டு போனோம். பாதி வழியில், இடப்பக்கப் பின்கயிற்றில், கறுப்பாக ஏதோ ஒன்று. முடிச்சா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான். தலையை இல்லை என்று ஆட்டினோம்.

அவன் கழற்றிவிட்டு, கயிற்றின் ஓரமாக நடந்து வந்து குனிந்து பார்த்தான்.

"பாசி சேர்" என்றான். எடுத்தெறிந்துவிட்டுத் திரும்பிப் போனான். நாங்கள் முதல் கயிற்றிலிருந்து மறுபடியும் பார்க்கத் தொடங்கினோம்.