ஒரே ஒரு கையெழுத்து

2024-ல் தீபாவளியும், அமெரிக்கர்கள் பேய் வேஷம் போடும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அக்டோபர் 31. நான் நியூஜெர்ஸியில் தங்கை வீட்டில் இருந்தேன். அடுப்பில் அதிரசம், வாசலில் குட்டிப் பேய்களுக்குச் சாக்லெட் தட்டு என்று அவள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாள். ஆனால், வீட்டில் பேச்சு இரண்டு பண்டிகைகளைப் பற்றியும் இல்லை. காலையிலிருந்து 'ஈடி... ஈடி...' என்றே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அமலாக்கத் துறைக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று ஒரு நிமிஷம் வயிறு கலங்கியது.

"ஐயோ மாமா, எர்லி டிசிஷன்!" என்று சிரித்தாள் தங்கை மகள் யாழினி. பதினேழு வயசு. பன்னிரண்டாம் கிளாஸ்.

விஷயம் இதுதான். அங்கே நம் ஊர் கவுன்சலிங் மாதிரி கட் ஆஃப் மார்க், ரேங்க், திரையில் காலியிடம் என்பதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக மனுப் போட வேண்டும். மார்க்கோடு கட்டுரை, ஆசிரியர் சிபாரிசு, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்ற பட்டியல் எல்லாம் பார்ப்பார்கள். சாதாரண வழியில் ஜனவரியில் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளுக்குப் போட்டுவிட்டு, மார்ச் கடைசியில் முடிவு தெரிந்து, மே 1-க்குள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். 'ஈடி' வேறு. நவம்பரிலேயே ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும், 'நீ இடம் கொடுத்தால் கண்டிப்பாக வருவேன்; மற்ற மனுக்களை எல்லாம் வாபஸ் வாங்கிவிடுவேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாணவி, பெற்றோரில் ஒருவர், பள்ளி ஆலோசகர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பர் நடுவில் பதில் வந்துவிடும்.

சுருக்கமாக, சாதாரண வழி என்பது பத்து வீட்டுக்கு ஜாதகம் அனுப்புவது. ஈடி என்பது தட்டு மாற்றிக்கொள்வது. ஒரே வித்தியாசம், இங்கே ஒரு பக்கம் மட்டும்தான் தட்டோடு நிற்கிறது.

யாழினி கேட்டது ஹார்வர்டு, எம்.ஐ.டி. மாதிரி ஊருக்கே தெரிந்த பெயர் இல்லை. 'லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்' என்கிறார்கள். மொத்தமே இரண்டாயிரம் பேர் சுமாருக்குப் படிக்கும் சின்னக் கல்லூரிகள். வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், ஸ்வார்த்மோர், பொமோனா, போடன்... பெரும்பாலும் பட்டப்படிப்பு மட்டும்தான். அதனால், பேராசிரியரே நேராகப் பாடம் எடுப்பார். முதல் வருஷம் இயற்பியலும் இசையும் சேர்த்துப் படித்துவிட்டு, இரண்டாம் வருஷக் கடைசியில் எது முக்கியப் பாடம் என்று சொன்னால் போதும்.

மாப்பிள்ளைக்கு இது பிடிபடவில்லை. "மச்சான், ஊருக்கு போன் பண்ணி என் பொண்ணு இங்க படிக்கிறான்னா, அது எந்த ஊரு, என்ன காலேஜுன்னு கேப்பாங்க. அதுக்கு வருஷம் எண்பத்தஞ்சாயிரம் டாலருக்கு மேல. ரட்கர்ஸ் பக்கத்துலயே இருக்கு. நம்ம ஸ்டேட் ஆளுக்கு அதுல பாதி கூட ஆகாது" என்றார்.

ஒரு சனிக்கிழமை ஸ்வார்த்மோரைப் பார்க்க என்னையும் கூட்டிப் போனார்கள். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வரும் ரயில் கல்லூரி வாசலிலேயே நிற்கிறது. 1864-ல் குவேக்கர்கள் தொடங்கியது. வளாகம் முழுவதுமே ஒரு மரப் பூங்கா. மரங்களுக்குப் பெயர்ப் பலகை. நெட்டை மரங்களுக்கு நடுவே திறந்தவெளி அரங்கம். பட்டமளிப்பு விழா அங்கேதான். இன்ஜினியரிங்கும் உண்டு என்று தெரிந்ததும் மாப்பிள்ளை முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. உடனே கார் நிறுத்துமிடத்திலேயே லேப்டாப்பைத் திறந்துவிட்டார்.

அவர் போட்டு வைத்திருந்த எக்ஸெல் கணக்கைப் பார்த்தால் எந்தத் தேர்தல் வியூக நிபுணரும் மிரண்டுவிடுவார். ஈடி-யில் மனுப் போட்டால் இடம் கிடைக்கும் விகிதம் பல கல்லூரிகளில் சாதாரண வழியைவிட இரண்டு மடங்கு. சில கல்லூரிகள் பாதி இடத்துக்கும் மேல் ஈடி-யிலேயே நிரப்பிவிடுகின்றன. 2003-ல் வந்த 'தி எர்லி அட்மிஷன்ஸ் கேம்' என்ற ஆய்வு நூல், சீக்கிரம் மனுப் போடுவது எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறக்குறைய நூறு மதிப்பெண் கூட வாங்குவதற்குச் சமம் என்று கணக்குச் சொன்னது. ஆனால், அந்த 'இரண்டு மடங்'கை அப்படியே நம்பவும் முடியாது. பயிற்சியாளர்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்கள் அந்தக் கும்பலில்தான் வருகிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டால் மிச்சப் பேருக்கு எவ்வளவு என்று கல்லூரிகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

வீட்டில் தகராறு இரண்டு கல்லூரிகளுக்கு இடையில். பெயர் வேண்டாம். ஒன்று பெரிய பெயர். அங்கே ஈடி ஒரே ரவுண்டுதான். இன்னொன்று பட்டியலில் பத்துப் படி கீழே. ஆனால், ஜனவரியில் 'ஈடி இரண்டு' என்று மறுவாய்ப்பு உண்டு. முதல் சீட்டைப் பெரிய இடத்தில் போட்டுப் பார்த்து, தோற்றால் இரண்டாவதில் போடுவதா? அல்லது கிடைக்கக்கூடிய இடத்திலேயே முதல் சீட்டை இறக்குவதா?

மூன்று நாள் இதே பேச்சு. எனக்குத் தாங்கவில்லை. "நாளைக்குக் காலையில ரெண்டு காலேஜும் ஒரே நேரத்துல வான்னு கூப்பிட்டா எங்கம்மா போவ?" என்று கேட்டேன்.

யாழினி யோசிக்கவே இல்லை. இரண்டாவதைச் சொன்னாள். அங்கே ஒன்பது பேர் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்தாளாம். யாரென்றே தெரியாத இவளிடம் பேராசிரியை, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டாராம்.

"அப்ப முதல் காலேஜ் எதுக்கு?"

"அப்பா லிஸ்ட்ல அது மேல இருக்கு மாமா."

மாப்பிள்ளை எதுவும் சொல்லாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. ராத்திரி சமையலறையில் தண்ணீர் குடிக்க வந்தவர் தானாகவே பேசினார். "லிஸ்ட் இல்ல மச்சான். எனக்குப் பயம் கையெழுத்துதான். போன வருஷம் ஏழு மாசம் வேலை இல்லாம இருந்தேன். ஊர்ல யாருக்கும் சொல்லல. நாலு காலேஜ் என்ன உதவித்தொகை தரான்னு வெச்சுப் பாத்துதான் நான் முடிவு பண்ண முடியும். இதுல கையெழுத்துப் போட்டா, அவன் சொல்றதுதான் விலை."

எனக்கு 1980 ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ முடித்த முதல் செட் நாங்கள். சென்னையில் ஒரு கல்லூரியில் வரலாறு படிக்க ஆசைப்பட்டு மனுப் போட்டிருந்தேன். கார்டு வரத் தாமதமானது. கிடைத்ததை விடக் கூடாது என்று அப்பா உள்ளூர்க் கல்லூரியில் பி.காமுக்குப் பணம் கட்டி, ஒரிஜினல் டி.சி.யையும் கொடுத்துவிட்டார். பத்தாம் நாள் சென்னையிலிருந்து கார்டு வந்தது. டி.சி. திரும்ப வேண்டுமானால் மூன்று வருஷ ஃபீஸையும் கட்டு என்றார்கள். "பி.காம். என்ன மோசமா?" என்றார் அப்பா. மோசமில்லை. பேங்க் வேலை, வீடு, பென்ஷன் எல்லாம் அது தந்ததுதான். அதனால்தான் அவர் மேல் கோபப்படவும் முடியாமல் போயிற்று.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லவில்லை. "பயத்தை அவகிட்டயே சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சொன்னார். யாழினி அழவில்லை. லேப்டாப்பை எடுத்து வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். குடும்ப வருமானத்தைப் போட்டால் நிஜமாகக் கட்ட வேண்டிய தொகையை உத்தேசமாகச் சொல்லும் கணக்கி ஒன்று, 2011 முதல் கல்லூரிகளின் இணையதளத்தில் சட்டப்படி இருக்க வேண்டும். அதைப் போட்டார்கள். பிறகு, கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு போன் செய்து, வேலை போன கதையையும் சொன்னார்கள். தரும் உதவி நிஜமாகவே போதவில்லை என்றால் ஈடி ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்பதும் தெளிவானது. மாப்பிள்ளை இவ்வளவுதான் முடியும் என்று ஒரு தொகையைத் தாளில் எழுதினார். அதற்கு மேல் போனால் ரட்கர்ஸ். அப்பாவும் மகளும் முதலில் போட்ட கையெழுத்து அந்தத் தாளில்தான். கல்லூரிக்குப் போட்டது இரண்டாவது. நவம்பர் 15 கெடு. பதினான்காம் தேதி ராத்திரியே அனுப்பிவிட்டார்கள்.

டிசம்பரில் நான் சென்னை திரும்பிய பிறகு ஒரு விடிகாலை போன் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. தொகையும் தாளில் எழுதியதற்குள் அடங்கியது. பின்னால் தங்கை கத்தும் சத்தம். யாழினி குரல் மட்டும் அடங்கியே இருந்தது.

"என்னம்மா, சந்தோஷமில்லையா?"

"இருக்கு மாமா. என் ஃப்ரெண்டும் இதே காலேஜுக்குத்தான் போட்டிருக்கா. என்னைவிட நல்லாப் படிப்பா. வீட்ல அம்மா மட்டும்தான். நாலு இடத்துல என்ன தராங்கன்னு பாக்காம சைன் பண்ண முடியாதுன்னு ஈடி போடல. மார்ச் வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குள்ள பாதி சீட் போயிடுச்சு. அதுல ஒண்ணு என்னோடது."

இந்த முறைமீது கோபம் பல வருஷமாக இருக்கிறது. 2006-ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும், இது வசதியுள்ளவர்களுக்கே சாதகம் என்று சொல்லி, தங்கள் முன்கூட்டிய சேர்க்கையை நிறுத்தின. 2011-ல் மறுபடி ஆரம்பித்துவிட்டன. 2025 ஆகஸ்டில் 32 கல்லூரிகள் மீது ஈடி-யை எதிர்த்து வழக்கே போட்டார்கள். வழக்கு எப்படிப் போனாலும், யாழினி சொன்னதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை.

"ஃப்ரெண்ட்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"முதல்ல அவகிட்டதான் மாமா சொன்னேன். கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அவளோட மத்த கட்டுரையெல்லாம் நாளைக்கு உக்காந்து நான் படிச்சுத் திருத்தித் தரப்போறேன். எனக்குத்தான் இனிமே வேலை இல்லையே."