உரிமமும் பொறுப்பும்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் என் இல்லம் உள்ளது. அரியலூர் சுண்ணாம்புக்கல் செறிந்த நிலம். அக்கல்லைச் சிமெண்டு ஆலைகளுக்குச் சுமந்து செல்லும் லாரிகள் இப்பகுதியில் மிகப் பல. அவற்றுள் ஒன்றை ஓட்டிவந்தவன் என் பழைய மாணாக்கன். ஒருநாள் மாலை, அவன் வாடிய முகத்தோடு என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தான்.

“ஐயா, மிகுவேகமாக ஓட்டினேன் என்று என் ஓட்டுநர் உரிமத்தை மூன்று திங்கள் நிறுத்திவிட்டார்கள். நடைக்கு இவ்வளவு என்பதே என் கூலி. விரைந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும். தண்டம் கட்டுகிறேன், பிழைப்பையே பறிப்பது முறையாகுமா?” என்று வினவினான்.

அவன் துயர் என் நெஞ்சைத் தொட்டது. உரிமம் இழந்த செல்வர் வேறோர் ஓட்டுநரை அமர்த்திக்கொள்வர். இவன் குடும்பமோ பட்டினி கிடக்கும். ஆயினும் நான், “தம்பி, வேகம் இருமடங்கானால், பிரேக்கை அழுத்தியபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும். சாலையைக் கடக்கும் சிறுமிக்கு உன் கூலிக்கணக்குத் தெரியுமா? உரிமம் உன் உடைமையன்று, ஊரார் உன்மீது வைத்த நம்பிக்கை” என்றேன். அவன் தலைகுனிந்தான்.

மாணவர்களே, இத்தடை நெறியற்றதன்று. உச்சநீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, மிகுவேகத்திற்கு மூன்று திங்களுக்குக் குறையாமல் உரிமத்தை நிறுத்துமாறு 2015இல் மாநிலங்களைப் பணித்தது. ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்டபின்னரே நிறுத்தல் வேண்டும். முப்பது நாள்களுக்குள் அவர் மேல்முறையீடு செய்யலாம். இவை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வகுத்த காப்புகள். ஊழியனை மிகுவேகமாக ஓட்டச் செய்பவரும் குற்றவாளியே என்று அச்சட்டம் கூறுகிறது. எனினும் உரிமம் இழப்பவன் ஓட்டுநன் ஒருவனே. நடைக்கணக்கால் அவனை விரட்டியவருக்கு அவ்விழப்பு இல்லை. குறை இங்கேதான் உள்ளது.

1956 நவம்பர் 23 அன்று, அரியலூர் அருகே வெள்ளத்தால் பாலம் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வண்டியை ஓட்டியவர் லால் பகதூர் சாஸ்திரி அல்லர். அவர் இரயில்வே அமைச்சர். ஆயினும் பொறுப்பேற்றுத் தம் பதவியைத் துறந்தார். மேலிருப்போர் கடமை யாது என்பதை இம்மண் அன்றே கண்டது.

மூன்று திங்கள் கழிந்தன. என் மாணாக்கன் மீண்டும் வந்தான். “ஐயா, திங்கட்சம்பளம் தரும் வேறிடத்தில் சேர்ந்துவிட்டேன். இப்போது விரைய வேண்டுவதில்லை” என்றான். அவனைத் திருத்தியது தடையா, சம்பளமுறையா? தடை அவனை நிறுத்தி எண்ணச் செய்தது. சம்பளமுறை அவ்வெண்ணத்தின்படி ஒழுக இடந்தந்தது. இவ்விரண்டும் கூடும்போதே சட்டம் பயன் தரும்.