வெள்ளம் வடிந்த முற்றத்தில் ஓர் இளவேனில்

சென்னை எழும்பூரில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை காயல்பட்டினத்தில் இறக்கிவிடும் செந்தூர் விரைவு வண்டியில் நான் எத்தனை முறை பயணம் செய்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் 2024 மார்ச் மாதம், ரமளான் பிறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன் மேற்கொண்ட பயணத்தைப் போல் நெஞ்சை அழுத்திய பயணம் வேறொன்றில்லை. வெள்ளத்திற்குப் பின் பிறந்தகத்தை முதன்முறையாகக் காணச் சென்றுகொண்டிருந்தேன்.

நெல்லையைக் கடந்ததும் பாதையின் இருமருங்கும் தாமிரபரணியின் வயல்களும் வாழைத் தோட்டங்களும் விரிகின்றன. செய்துங்கநல்லூரை அடுத்து வண்டி வேகம் குறைந்தது. பெட்டியில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சன்னலோரம் வந்து எட்டிப் பார்த்தனர். தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணும் சரளையும் 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்பட்டது இப்பகுதியில்தான். அம்மாதம் 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இதே வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம், முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. அருகிலுள்ள புதுக்குடி ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து சமைத்து, முன்பின் அறியாத அந்த மக்களின் பசியாற்றினார்கள். யார், எவர், எந்தச் சமயத்தவர் என்று அவர்கள் கேட்கவில்லை. வண்டி அந்நிலையத்தில் நின்ற இரண்டு நிமிடங்களும் என் உதடுகள் அம்மக்களுக்காக துஆ செய்தன.

ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி எனப் பழகிய பெயர்ப் பலகைகள் வந்து மறைந்தன. பிறகு காயல்பட்டினம். இறங்கியதும் கடற்காற்று முகத்தில் மோதியது. மகான் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் பிறந்த ஊர் இது. தெருவுக்குத் தெரு பள்ளிவாசல்களும், பெண்கள் வீடு விட்டு வீடு போய்வர வீடுகளுக்கு இடையே அமைந்த குறுகிய முடுக்குகளும் கொண்ட ஊர். பெண் மக்களுக்கே வீடு என்பது இங்கு வழிவழி வந்த வழக்கம். ஆதலால் நான் பிறந்த வீட்டில் இன்று என் தங்கை குடும்பத்தோடு வாழ்கிறாள். உம்மாவும் அங்கேயே இருக்கிறார்கள்.

டிசம்பர் 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இச்சிற்றூரில் பெய்த மழை 95 சென்டிமீட்டர்! ஓராண்டு முழுவதும் இம்மாவட்டத்தில் பெய்யும் சராசரி மழையைவிட மிகுதி. அம்மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, உம்மா என்னை நினைத்து அழுதுகொண்டிருந்தார்கள். இரு வாரங்களில் அந்த அழுகை என் முறையாயிற்று. மூன்று நாட்கள் தொலைபேசி இணைப்பு இல்லை. நான்காம் நாள் தங்கையின் குரல் கேட்டது. "லாத்தா, எல்லாரும் நலம். உம்மாவின் தோட்டம்தான் போய்விட்டது" என்றாள்.

*தோட்டம் என்றால்...*

பெரிய தோட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டின் பின்முற்றம், ஒரு கிணறு, அதைச் சுற்றி நாலைந்து பாத்தி; அவ்வளவுதான். ஆனால் வாப்பா மறைந்த பின் உம்மாவின் பொழுதுகள் அங்கேதான் கழிந்தன. ஃபஜ்ரு தொழுததும் முருங்கையடியில் தொடங்கும் நாள், அஸருக்குப் பின் மல்லிகைக்குத் தண்ணீர் விட்டு முடியும். நெய்ச்சோற்றுக்கு ரம்பை இலை, ஆணத்திற்குக் கறிவேப்பிலை, பெருநாளுக்கு மருதாணி எல்லாம் அங்கிருந்துதான். எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, முடுக்கு வழியே கிண்ணத்தோடு வரும் எந்தப் பிள்ளைக்கும் அங்கிருந்து பறித்துக் கொடுக்கப்படும்.

நான் கண்டதோ காய்ந்து வெடித்த சேறு. பப்பாளியும் வாழையும் இருந்த சுவடே இல்லை. முருங்கை வேரழுகி விழுந்து, விறகாகிப் போயிருந்தது. வெள்ளம் தேங்கினால் முதலில் சாவது பப்பாளியும் முருங்கையும்தான். அவற்றின் வேர்களுக்கு மூச்சு முட்டிவிடும். தென்னை மட்டும் நிமிர்ந்து நின்றது. 1991ஆம் ஆண்டு ரமளானில் உம்மா கையால் நட்ட மரம் அது. அந்த ஆண்டும் ரமளான் மார்ச் மாதத்தில்தான் வந்தது. பிறைக் கணக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வருவதால், 33 ஆண்டுகளில் நோன்பு அதே பருவத்திற்குத் திரும்பிவிடுகிறது. "இந்த மரத்தின் வயது ஒரு ரமளான் சுற்று" என்று உம்மா சொன்னார்கள். 1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்ட வெள்ளத்தையும் அது கண்டிருக்கிறது.

*ஒரு மனத்தாங்கல்*

இனி எழுதப்போவது எங்கள் வீட்டுச் செய்தி. ஆயினும் பல வீடுகளில் நடப்பதுதான் என்பதால் மறைக்கவில்லை.

தங்கை மகளின் நிக்காஹ் ஷவ்வால் மாதத்தில் நிச்சயமாகியிருந்தது. களறிச் சாப்பாட்டிற்கு அடுப்புக் கூட்ட வேண்டும். பந்தல் போட வேண்டும். விருந்தினர் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ண இடம் வேண்டும். சேறாய்க் கிடக்கும் பின்முற்றம் முழுவதையும் சிமெண்டுத் தளமாக்கிவிடலாம் என்று தங்கை சொன்னாள். ஹாங்காங்கில் இருக்கும் காக்கா சரியென்றார். நானும் சரியென்று சொல்லி, என் பங்குப் பணத்தைப் பிப்ரவரியிலேயே அனுப்பியிருந்தேன். உம்மாவிடம் யாரும் கேட்கவில்லை! எழுபத்தெட்டு வயதில் இனிமேல் தோட்டம் எதற்கு, வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்பது எங்கள் நியாயம்.

நான் சென்ற அன்று உம்மா கோபிக்கவில்லை. "நீங்கள் மூவரும் பேசி முடித்தது நல்லதுதான், மகளே. என் மண்ணை மட்டும் எங்கே கொட்டுவீர்கள் என்று சொல்லிவிடுங்கள்" என்றார்கள். அதற்கு என்னிடம் விடையில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அண்டை வீட்டு மாமியிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் உண்மை விளங்கியது. முற்றம் முழுவதும் தளமிட்ட வீடுகளில் மழை ஓய்ந்த பிறகும் தண்ணீர் போக்கிடமின்றி நாற்றமெடுத்து நின்றதாம். எங்கள் பின்முற்றத்திலோ, தெருவில் வெள்ளம் வடிந்த இரண்டாம் நாளே மணல் தண்ணீரை உறிஞ்சிவிட்டதாம். கடற்கரை ஊரின் மணல் அது; நீரைக் குடித்துக் கிணற்றுக்குக் கொடுக்கும். அந்த வாயைத்தான் நாங்கள் சிமெண்டால் அடைக்கப் புறப்பட்டிருந்தோம்.

தங்கையிடம் சொன்னேன். அவள் கண்கலங்கினாள். "லாத்தா, நீங்கள் பத்து நாளில் போய்விடுவீர்கள். அந்தச் சேற்றில் உம்மா வழுக்கினால் தூக்கப்போவது நான்தானே?" என்றாள். அவள் சொன்னதிலும் பொய்யில்லை. முதியவர்களை அருகிருந்து பேணுகிறவர்களின் அச்சத்தைத் தொலைவில் இருக்கும் நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். நான் நோன்பு முழுவதும் தங்குவதென்று முடிவு செய்தேன். சென்னையில் என் கணவரும் மக்களும் ஒருவாறு சமாளித்துக்கொண்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

*நோன்பும் மண்வெட்டியும்*

மார்ச் 12ஆம் தேதி முதல் நோன்பு. வெயில் ஏறுவதற்கு முன்பு, ஸஹரையும் ஃபஜ்ரையும் அடுத்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் வேலை நேரம். ஆள் வைத்துச் சேற்றை வாரினோம். கிணற்றை இறைத்துத் தூய்மை செய்து பிளீச்சிங் பவுடர் போட்டோம். வீட்டை ஒட்டிய பாதி முற்றத்திற்குச் சொரசொரப்பான தளம், பந்தலும் அடுப்பும் அதில். கிணற்றடிப் பாதி மண்ணாகவே இருக்கும். பாத்திக்கு நடுவே கைப்பிடிக் கம்பியோடு ஒரு நடைபாதை. இந்த ஏற்பாட்டைச் சொன்னது நானல்ல, தங்கைதான். "கம்பியைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும், உம்மா" என்று அவள் நிபந்தனை விதிக்க, உம்மா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாம் பத்தில் ஒரு நாள் முருங்கைப் போத்து தேடித் தங்கை மகனுடன் உடன்குடிப் பக்கம் சென்றேன். திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே போகப்போக மண் சிவக்கிறது. தேரிக்காட்டின் செம்மணலும் பனைகளும் தொடர்கின்றன. பதநீர் இறக்கும் பருவம் அது. கருப்பட்டி காய்ச்சும் மணம் சாலைவரை வந்தது. நோன்பாளியான பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவ்வழியேதான் குலசேகரன்பட்டினம். அங்கே ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. வானத்தை அளக்கப்போகும் ஊருக்கு அருகில் நாங்கள் ஒரு விவசாயியிடம் ஐந்து முருங்கைப் போத்துகளுக்காகப் பேசிக்கொண்டிருந்தோம். நோன்பு என்று அறிந்ததும் அப்பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். "காய்த்தால் நாலு பேருக்குக் கொடுங்கம்மா" என்றார்.

போத்தின் மேல்நுனியில் சாணம் அப்பி, சற்றே மேடாக்கிய மண்ணில் நட்டோம். "ஊன்றிய போத்துக்குத் தண்ணீரை ஊற்றக் கூடாது, காட்ட வேண்டும்" என்பது உம்மாவின் பாடம். மிகுந்தால் அழுகிவிடும்.

ரம்பைதான் கிடைக்கவில்லை. உம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒருநாள் நோன்பு திறக்கும் நேரம் நெருங்கையில், நாலு வீடு தள்ளியிருக்கும் ஒரு பெண் முடுக்கு வழியே வந்தாள். கையில் கஞ்சிக் கிண்ணம் இருக்கும் என்று பார்த்தால், மண்ணோடு பெயர்த்த ரம்பைக் கன்று! "மாமி, என் கல்யாணத்தின்போது நீங்கள் கொடுத்த கன்றின் பிள்ளை. எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் பிழைத்துவிட்டது" என்றாள். உம்மா அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்கள். பாங்கு சொல்லும்வரை அவர்கள் ஒன்றும் பேசவில்லை.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நம் நாயகம் (ஸல்) அவர்களின் அருள்மொழியின் கருத்து. மறுமை நாளே வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடுமாறும் அவர்கள் பணித்திருக்கிறார்கள். சிறு வயதில் மனனம் செய்த இவற்றின் பொருளை அன்றைய மஃரிபில்தான் கண்ணால் கண்டேன்.

*பெருநாளும் நிக்காஹும்*

ஏப்ரல் 11ஆம் தேதி ஈதுல் ஃபித்ர். தொழுகைக்குப் பிள்ளைகள் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது உம்மா பின்முற்றத்திலிருந்து என்னை அழைத்தார்கள். ஐந்து போத்துகளில் இரண்டில் பச்சை முளை. மற்ற மூன்றும் பட்டுப்போயிருந்தன. "இரண்டு போதும்" என்றார்கள்.

செத்துவிட்டதென்று நாங்கள் வெட்டியெறிந்த மருதாணியும் தூரிலிருந்து துளிர்த்தது. ஏப்ரல் இறுதியில் நிக்காஹ் நடந்தபோது அதில் கிடைத்த இலை மணப்பெண்ணின் ஒரு உள்ளங்கைக்கே காணும். மறுகைக்குக் கடையில் வாங்கிய கூம்பு. எந்தக் கை எது என்று உறவினர் கேட்க, பேத்தி சொல்ல மறுத்துவிட்டாள். களறி அடுப்புகள் புதுத் தளத்தில் எரிந்தன. விருந்தினர் கழுவிய கைத்தண்ணீர் ஓடி வாழைப் பாத்தியில் சேர்ந்தது.

மே மாதத் தொடக்கத்தில் சென்னை திரும்பினேன். நிலையம்வரை வந்த தங்கை என் கையில் ஒரு பழைய பால்மாவு டப்பாவைக் கொடுத்தாள். உள்ளே ரம்பைக் கன்றின் ஒரு கிளை. வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றபோது அந்தி சாய்ந்திருந்தது. வயல்களில் மீண்டும் பச்சை. மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, அந்த ஊர் மக்களுக்கான என் துஆவை மீண்டும் ஒருமுறை ஓதிக்கொண்டேன்.

முதியவர்கள் இருக்கும் வீட்டில் எதை இடித்தாலும் எதைக் கட்டினாலும், முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் சகோதரிகளே! எங்களுக்கு அந்தப் புத்தி வர ஒரு ரமளான் தேவைப்பட்டது.

இப்போதும் உம்மா தொலைபேசியில் பேசினால், சலாத்திற்குப் பின் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "டப்பாவின் அடியில் ஓட்டை போட்டாயா, மகளே? தண்ணீர் தேங்க விடாதே."