ஈஸ்டருக்கு என்ன பலகாரம்?

கிறிஸ்துமஸ் பலகாரத்தைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் மூச்சுவிடாமல் சொல்வார்கள். அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம், சீடை என்று நீளும். ஈஸ்டர் பலகாரம் என்ன என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். "பிரியாணிதான்" என்பார் ஒருவர். "கறி எடுப்போம்" என்பார் இன்னொருவர். திருச்சபையின் கணக்கில் கிறிஸ்துமஸைவிடப் பெரிய திருநாள் ஈஸ்டர். அதற்கென்று ஓர் இனிப்பை நம் வீடுகள் ஏன் உண்டாக்கவில்லை என்ற கேள்வி கொஞ்ச காலமாகவே என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காரணம் அதற்கு முந்தைய வாரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பலகாரத்துக்கு முன்கூட்டியே வேலை தொடங்க வேண்டும். மாவு இடித்துச் சலிக்க வேண்டும், பாகுக்குப் பதம் பார்க்க வேண்டும், அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி உட்கார வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய நாட்களோ பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும். கோயிலில் பீடத்துத் துணியைக்கூட உருவி எடுத்துவிடுவார்கள். வியாழன் பூசையில் வானவர் கீதத்தோடு ஒலித்த மணி அதற்குப் பிறகு வாய் திறக்காது. மரக்கட்டையைத் தட்டித்தான் அழைப்பார்கள். வெள்ளியன்று கஞ்சியும் துவையலும். இழவு வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது அல்லவா, அந்த நாட்களில் எங்கள் வீடும் அப்படித்தான் இருக்கும். அந்த வீட்டுக்குள் ஓர் இனிப்பு பிறக்க வழியில்லை. வெளியிலிருந்துதான் வர வேண்டும். தூத்துக்குடியில் அது மக்ரூனாக வந்தது.

பெரிய சனிக்கிழமை மாலை ஆச்சி என்னிடம் மூடி இறுக்கமான தகர டின்னைக் கொடுத்து பேக்கரிக்கு அனுப்புவாள். காகிதப் பையில் வாங்கினால் கடல்காற்று பட்டு, வீடு வந்து சேருமுன் நமத்துப்போகும் என்பாள். கடையில் கூட்டம் நெரித்தால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். அங்கே நெற்றியில் திருநீறோடு ஒரு வயதான மாஸ்டர் முட்டை உடைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தின் மேல் பிடித்து உடைப்பார். ஓட்டின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு மஞ்சள் கரு உருண்டு உருண்டு போக, வெள்ளை மட்டும் தனியே வழிந்து கிண்ணத்தில் இறங்கும். அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத் திருப்தியான பிறகே பெரிய பாத்திரத்தில் சேர்ப்பார்.

"நேரா பெரிய சட்டியிலயே உடைக்கலாம்லா அண்ணாச்சி?"

"மஞ்ச ஒரு சொட்டு விழுந்துட்டுன்னு வையி தம்பி, அம்புட்டும் போச்சு. எவ்வளவு அடிச்சாலும் பொங்காது."

மஞ்சள் கருவில் கொழுப்பு உண்டு. வெள்ளைக் கருவின் புரதம் காற்றைப் பிடித்து நுரையாக நிற்பதை அது கெடுத்துவிடும். இதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அவர் கை போதுமானதாக இருந்தது. சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி அடிக்க அடிக்க, கோழை போலிருந்த வெள்ளை பளபளவென்று திரண்டு எழும். கையை எடுத்தால் அதன் நுனி கூராக நிற்க வேண்டும். பிறகு முந்திரிப் பொடி. அதைப் போட்டபின் அடிக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. அடியிலிருந்து மேலாக இரண்டு புரட்டு புரட்டி விட்டுவிடுவார். தட்டில் விரித்த காகிதத்தின்மேல் சின்னச் சின்னக் கோபுரங்களாக விழும். அதற்குப் பெருந்தீ ஆகாது. அடங்கிய சூட்டில் நெடுநேரம் கிடந்து, வேகுவதைவிட உலர்வதுதான் அதிகம். நிறம் ஏறிவிட்டால் மாஸ்டருக்கு முகம் வாடிவிடும்.

நாங்கள் கஞ்சி குடித்துச் சிலுவைப்பாதையில் முழங்காலிட்டிருந்த அந்த வெள்ளி இரவில்தான் நான் வாங்கிப்போன மக்ரூனின் தட்டுகள் அடுப்புக்குள் இருந்திருக்கின்றன. எங்களுக்குக் கைவேலை கூடாத நாட்களில் எங்கள் திருநாளுக்கான இனிப்பை, திருநீறு பூசிய ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொண்டார். ஈஸ்டரைப் பற்றி நான் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களுக்கு நடுவே எனக்கு இது மறக்கவில்லை. ஒரு ஊர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

டின் அலமாரியின் உச்சிக்குப் போய்விடும். நள்ளிரவுப் பூசை முடியும்வரை தொடக் கூடாது. கோயிலுக்கு வெளியே புதுநெருப்பு மூட்டுவார்கள். அந்த ஆண்டின் எண்கள் பொறித்து, ஐந்து சாம்பிராணி மணிகள் பதித்த பாஸ்கா திரியை அதில் ஏற்றி, இருட்டான கோயிலுக்குள் கொண்டுவருவார்கள். அப்போது பாடப்படும் பாஸ்கா புகழுரையில் திரிக்கு மெழுகு தந்த தேனீக்களுக்கும் இடம் உண்டு என்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். இரண்டு நாள் ஊமையாக இருந்த மணிகளெல்லாம் வானவர் கீதத்தில் ஒன்றாக அடிக்கும்போது தூங்கிவழிந்த பிள்ளைகள் திடுக்கிட்டு எழுவார்கள். வீடு திரும்பியதும் ஆச்சி டின்னைத் திறப்பாள். கூரான நுனி பல்லில் முதலில் நொறுங்கும். அடுத்து வெறும் காற்று. கடைசியில், எல்லாம் கரைந்து முடிந்தது என்று நினைக்கும்போது, நாக்கின் பின்பக்கம் முந்திரியின் எண்ணெய் மணம் வந்து சேரும்.

அப்படியானால் அந்த மஞ்சள் கருக்கள்? பேக்கரியில் அவை கேக்குக்கும், பன்னின் மேல் பளபளப்புக்காகத் தடவவும் போயின. ஆனால் இந்தக் கேள்வி என்னைக் கடல் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. போர்ச்சுகலில் கதை நேர் எதிர். அங்கே கன்னியர் மடங்களில் உடுப்புக்குக் கஞ்சிபோட வெள்ளைக் கரு செலவானது என்றும், மிஞ்சிய மஞ்சளிலிருந்தே மடத்து இனிப்புகள் பிறந்தன என்றும் சொல்வார்கள். ஆவெய்ரோ என்ற கடலோர நகரத்தின் ஓவோஸ் மோலஸ் அப்படிப்பட்டது. மஞ்சள் கருவையும் சர்க்கரைப் பாகையும் கிண்டி, நற்கருணை அப்பம் போன்ற மெல்லிய மாவுத்தகட்டுக்குள் அடைத்து, சங்கு, சிப்பி, மீன் வடிவங்களில் செய்கிறார்கள். முத்துக்குளித்துறையில் பிறந்தவனுக்குச் சிப்பி வடிவ இனிப்பைப் படத்தில் பார்த்தாலே போதும், உறவு தொற்றிக்கொள்ளும். இந்த மஞ்சள் போர்த்துகீசியரோடு கிழக்கே பயணப்பட்டது. சயாமின் அயுத்தயாவில் அது பொன்னிழை இனிப்பாயிற்று. ஜப்பானில் முட்டை நூடுல்ஸ் போன்ற ஓர் இனிப்பாயிற்று. வழியில் இருந்த எங்கள் ஊரிலோ வெள்ளைதான் நிலைத்தது.

ஈஸ்டரன்று முட்டை எதற்கு என்பதற்கும் அதற்கு முந்தைய தவக்காலமே காரணம். பழைய ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிகள் இட்டதெல்லாம் சேர்ந்து, ஈஸ்டரன்று குவிந்து கிடக்கும். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னரின் 1290ஆம் ஆண்டு அரண்மனைக் கணக்கில், ஈஸ்டருக்காக 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவு எழுதியிருக்கிறது. அவற்றுக்குச் சாயம் ஏற்றியும் பொன் தகடு ஒட்டியும் அரண்மனையில் பங்கிட்டார்கள். சாக்லேட் முட்டை வெகு பிந்தியது. பிரிட்டனில் ஃப்ரை நிறுவனம் அதைச் செய்தது 1873இல். இன்று நம்மூர்க் கடைகளிலும் பளபளக்கும் தாளில் சுற்றிக் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறேன். ஆனாலும் உடைபட்ட முட்டையின் வேலையைக் கண்ணால் பார்த்தவனுக்கு அது முட்டையாகத் தோன்றுவதில்லை.

போர்ச்சுகல் வழக்கங்களில் எனக்கு மிகவும் இனித்தது வேறொன்று. அங்கே ஈஸ்டருக்கு ஞானப்பெற்றோர் தங்கள் ஞானப்பிள்ளைகளுக்குச் சர்க்கரை பூசிய பாதாம் கொடுப்பார்கள். மக்ரூனும் ஐரோப்பாவில் பாதாமில் செய்ததுதான். இங்கே அந்த இடத்தில் முந்திரி உட்கார்ந்துகொண்டது. முந்திரியையும் பிரேசிலிலிருந்து இந்தக் கரைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியரே. இதையெல்லாம் அறிந்த நாளிலிருந்து என் ஞானமகளுக்கு ஆண்டுதோறும் ஈஸ்டருக்கு மக்ரூன் அனுப்பிவருகிறேன், அதே மாதிரி தகர டின்னில்.

இப்போது அவளே வீட்டில் மக்ரூன் போடுகிறாள். மிஞ்சும் மஞ்சளை என்ன செய்வது என்று போனில் கேட்டாள். தவக்காலம் நாற்பது நாள் என்றால் பாஸ்கா காலம் ஐம்பது நாள். நாம்தான் ஒரே ஞாயிறோடு பண்டிகையை மூட்டை கட்டிவிடுகிறோம். முன்னால் செய்ய முடியாததைப் பின்னால் செய்யலாமே என்று ஆவெய்ரோ வழியைச் சொன்னேன். சர்க்கரையைக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சி இறக்கி, சூடு தணியவிட்டு, வடிகட்டிய மஞ்சள் கருவை அதில் சேர்த்து, மறுபடி சின்னத் தீயில் வைத்து, அகப்பை போன தடம் அடியில் தெரியும்வரை கிண்ட வேண்டும். ஏலக்காய் போடலாமா என்றாள். அங்கே போடுவதில்லை, நீ போடு என்றேன். பெந்தகோஸ்து ஞாயிறு வரைக்கும் நாள் இருக்கிறது. போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை கிண்டிப் பார்க்கலாம் என்று பேசிவைத்திருக்கிறோம்.