கைபிடித்து அழைத்துச் செல்வோம்

திருத்தணி மலையடிவாரத்தில், எங்கள் தெருவில், ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம் ஒன்று குடியேறியது. அவர்களுடைய மூன்று வயது மகன் மிகவும் மெலிந்திருந்தான். காணும்போதெல்லாம் இரக்கப்பட்டு, ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு நகர்வேன். என் கடமை அத்துடன் முடிந்ததென்று எண்ணினேன்.

ஒருநாள் அவன் தாயிடம், "அங்கன்வாடிக்கு ஏன் அனுப்பவில்லை?" என்று கேட்டேன். "இந்த ஊரில் எங்களுக்குக் குடும்ப அட்டை இல்லையே அம்மா, சேர்ப்பார்களா?" என்றாள். என் நெஞ்சு சுட்டது. இரண்டு தெரு தள்ளியிருந்த வாசலை நான் அவளுக்குக் காட்டவே இல்லையே!

மறுநாள் இருவரையும் அழைத்துச் சென்றேன். பணியாளர் அட்டை எதுவும் கேட்கவில்லை; குழந்தையின் எடையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, போடாத தடுப்பூசிகளை விசாரித்தார். அன்றே அவனுக்கு மதிய உணவும் கிடைத்தது. சில மாதங்களில் அவன் தெருவில் ஓடி விளையாடக் கண்டேன்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக இத்திட்டம் நம் நாட்டில் தொடங்கியது 1975 அக்டோபர் 2 அன்று. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், உதவி இருக்கும் இடத்திற்கும் குழந்தைக்கும் இடையே சில அடி தூரம் எஞ்சியிருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க உதவுவது அண்டை வீட்டாராகிய நம் கடமையன்றோ?